துரும்பும் பனங்கிழங்கும்

என் புருஷன்மேல் ஜீவனாம்ச வழக்குப் போட்டுவிட்டு அலைந்த பத்து மாதம்தான் என் வாழ்க்கையில் நான் அதிகம் சிரித்த காலம். இதைச் சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கோர்ட்டுப் படி ஏறிய பெண் என்றால் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே ஏற வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நானும் அழுதேன், இல்லையென்று சொல்லவில்லை. அது வழக்குக்கு முன்னால். வழக்குப் போட்ட பிறகு அழ நேரம் கிடைக்கவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. தாராவியில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் நிறைந்த ஒரு சந்தில் எங்களுக்கு ஒற்றை அறை. பம்பாயில் அதைக் கோலி என்பார்கள். கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன், தையல் நன்றாகத் தெரியும். புருஷன் டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் வேலைக்குப் போனதும் நான் மாதுங்காவிலிருக்கும் தமிழ் வீடுகளுக்குப் போய் ரவிக்கைத் துணி வாங்கி வந்து தைத்துக் கொடுப்பேன்.

பம்பாய் எனக்குப் பிடித்துப் போயிற்று. குழாயடிச் சண்டைகூடப் பிடித்தது. ஊரில் ஒரு பெண் தனியாகத் தெருவில் நடந்தால் பத்துத் தலை திரும்பும், எங்கே போகிறாள் என்று பதினோராவது தலை விசாரிக்கும். இங்கே மாதுங்கா மார்க்கெட் நடுவே துணிப்பையை ஆட்டிக்கொண்டு நான் போனால் ஒருத்தருக்கும் அக்கறையில்லை. அது எனக்குத் தேனாக இனித்தது.

நாலாவது வருஷம், பஸ்ஸுக்கு வசதி என்று சொல்லி அவர் செம்பூரில் ஒரு அறை எடுத்தார். ஆறு நாள் அங்கே, ஞாயிற்றுக்கிழமை இங்கே. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் வந்தது. என் அண்ணன் பக்கத்துச் சந்தில் குடும்பத்தோடு இருந்தான், தோல் பட்டறையில் வேலை. அவன்தான் ஒரு நாள் செம்பூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஏட்டி, ஓவர்டைம் சேலை கட்டி, பூ வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கி" என்றான்.

அன்றைக்குத்தான் அழுதேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு வீட்டு ரவிக்கையைக் கொடுக்க வேண்டியிருந்ததால் எழுந்து மிஷினில் உட்கார்ந்தேன்.

ஐப்பசி மாதம் அவரே சங்கத்தைக் கூட்டச் சொன்னார். எங்கள் ஊர் ஆட்களுக்குத் தாராவியில் ஒரு சங்கம் உண்டு. கோவில் கொடை விழா, சாவு, கல்யாணம், சண்டை எல்லாம் அங்கேதான். முதல் பெண்டாட்டி இருக்கும்போது இரண்டாவது கட்டினால் ஜெயில் என்று சட்டம் வந்து சில வருஷமாகியிருந்தது. யாரோ அதை அவர் காதில் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒத்துவராவிட்டால் நாலு பேர் முன்னால் அவன் ஒரு துரும்பை எடுத்து நீட்டுவான். அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டால் உறவு தீர்ந்தது, இருவரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். இந்த மாதிரி சாதி வழக்கத்துக்குப் புதுச் சட்டமும் இடம் விட்டு வைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோரைப்பாயில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் "யோசிச்சுச் செய்யணும்" என்று வெற்றிலையை மென்றுகொண்டிருந்தபோதே, அவர் பாயிலிருந்து ஒரு கோரையைக் கிள்ளி என் முன்னால் நீட்டினார்.

"இந்தா துரும்பு. இன்னையோட தீந்துச்சு. ஒனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்க வேண்டும். வாங்காவிட்டால் தீராது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் கோபம் எப்போதும் எனக்கு முன்னால் நடந்து போகிற ஆள். வெடுக்கென்று அந்தத் துரும்பைப் பிடுங்கினேன். எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் குத்தினேன்.

"நல்ல வேளை, தந்தீரு. காலையிலேருந்து பல்லு எடையில தேங்காச் சில்லு மாட்டிக் கெடந்துச்சு" என்றேன்.

சபை சிரித்தது பாருங்கள், சங்கத்துத் தலைவர் அண்ணாச்சிக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. தீர்ப்பு ஒன்றும் சொல்லாமலே கூட்டம் கலைந்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தேன். அவர் கார்த்திகையில் செம்பூர்க்காரிக்குத் தாலி கட்டினார். கையோடு என் கோலிக்கு வாடகை கொடுப்பதையும் நிறுத்தினார்.

ரவிக்கை தைத்து வருகிற காசில் சாப்பிடலாம். வாடகைக்குப் போதாது. அண்ணன் மூன்று மாதம் கொடுத்தான். பிறகு ஒரு நாள் வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"எனக்கும் மூணு பிள்ளைக இருக்கு. ஒன்னால முடிஞ்சா அவன்கிட்ட இருந்து வாங்கு. இல்லன்னா ஊருக்கு மெயில்ல ஏத்திவிட்டுருதேன். பொங்கிப் போட அம்மா இருக்கா."

அவன் மேல் தப்பில்லை. ஆனால் ஊர் மட்டும் எனக்கு ஆகாது. புருஷன் விட்டுவிட்ட மகளாக அந்தத் தெருவில், அந்தப் பதினொரு தலைகளுக்கு நடுவில் நான் எப்படி நடப்பேன்? எனக்கு அவர் வேண்டாம். எனக்குப் பம்பாய் வேண்டும், என் கோலி வேண்டும். ஊரில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்தால் அப்பா அடுத்த ரயிலில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயம். கடிதத்துக்குக் கடிதம் "அனைவரும் சுகம்" என்றே எழுதினோம்.

நான் ரவிக்கை தைத்துக்கொடுத்த மாதுங்கா வீடுகளில் ஒன்றில் ஒரு வக்கீலம்மா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கை இறக்கத்தில் அரை விரற்கடை கூடினாலும் திருப்பித் தந்துவிடுவார், அவ்வளவு கறார். அவரிடம் போய்ச் சொன்னேன். துரும்புக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"ஏண்டிம்மா, அதைப் போய் ஏன் வாங்கிண்டே?"

"பல்லு குத்தத்தான் வாங்குனேன், வக்கீலம்மா."

"அதை நான் பெட்டிஷன்ல எப்படி எழுதறது?"

பிறகு பொறுமையாக விளக்கினார். விவாகரத்து வேண்டுமென்றால் அது வேறு கோர்ட், வருஷக்கணக்கில் இழுக்கும். இரண்டு பேரும் சேர்ந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பிரித்துவிடுகிற வழி அப்போது கிடையாது. சீக்கிரம் வாடகைக்கு வழி வேண்டுமானால் மாஜிஸ்திரேட் கோர்ட்தான். வேறு கல்யாணம் செய்துகொண்டவனோடு போய் இரு என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், மாதா மாதம் பணம் கட்டச் சொல்லுவார்கள். ஆனால் அங்கே பெண்டாட்டிக்குத்தான் பணம். உறவு தீர்ந்துவிட்டது என்று அவர் நிரூபித்தால் நான் பெண்டாட்டி இல்லை, எனக்குக் காலணா கிடையாது.

ஆக, அவருக்குப் பெண்டாட்டியாக இருக்கக் கொஞ்சமும் இஷ்டமில்லாத நான், அவர் பெண்டாட்டிதான் என்று நிரூபிக்கக் கிளம்பினேன். பங்குனியில் மனுப் போட்டோம். ஃபீஸ் கேட்டதற்கு, வழக்கு முடிகிறவரை தனக்கு ரவிக்கை தைத்துக் கொடு, கை இறக்கம் சரியாக இருக்க வேண்டும் என்றார் வக்கீலம்மா.

அதன்பின் ஆரம்பித்தது திருவிழா. வாய்தாவுக்குப் பம்பாயில் தாரீக் என்று பெயர். என் தாரீக் என் சந்துக்கே தெரியும். "இன்னைக்கித் தாரீக்கா?" என்று குழாயடியில் கேட்பார்கள், எனக்கு முதல் குடம் விடுவார்கள். நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். கோர்ட்டு வராந்தாவில் எல்லா பாஷைக்காரிகளும் இருப்பார்கள். ஒன்பது கெஜம் கட்டிய மராத்திக்காரி ஒருத்தியும் நானும் எட்டுத் தாரீக் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்போது மராத்தி வராது. அவள் தன் புருஷனைக் கையால் வரைந்து காட்டினாள், தொந்தி இவ்வளவு, மீசை இவ்வளவு என்று. நான் என்னுடையவரை வரைந்து காட்டினேன். வேர்க்கடலையைப் பகிர்ந்துகொண்டு இருவரும் சிரித்த சிரிப்பில் போலீஸ்காரர் வந்து "ஏய், சுப்" என்று வாயை மூடச் சொன்னார்.

திரும்பி வரும்போது அண்ணன் மாதுங்காவில் இறங்கி மசால் தோசை வாங்கித் தருவான். புருஷனோடு இருந்த நாலு வருஷத்தில் நான் தின்ற மசால் தோசை ஒன்று. வழக்கில் தின்றது பதினொன்று.

ஆனால் வழக்கு நல்லபடியாகப் போகவில்லை. என் புருஷனின் வக்கீல், ஐப்பசியிலேயே துரும்பு வாங்கியாயிற்று என்று பதில் போட்டார். சங்கத்துத் தலைவர் அண்ணாச்சியே சாட்சிக்கு வரச் சம்மதித்துவிட்டார். அவர் பொய் சொல்கிற ஆளில்லை. என் கை அந்தத் துரும்பைத் தொட்டதை அவர் கண் பார்த்தது, அவ்வளவுதான். வக்கீலம்மா என்னைத் தேற்றவில்லை. "கஷ்டம்தான்" என்றார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று தையல் மிஷினை ரயிலில் எப்படிக் கொண்டுபோவது என்று விசாரித்து வைத்தேன்.

கார்த்திகை மாதம் அப்பாவிடமிருந்து அண்ணனுக்குக் கடிதம் வந்தது. மழை, மாடு, பனை எல்லாம் எழுதிவிட்டு அடியில் ஒரு வரி: "மாப்பிள்ளை போன தையில் படி கிடைத்ததாக எழுதியிருந்தார். பனங்கிழங்கு பற்றாது என்று எழுதியபடியால் இந்த வருஷம் இரண்டு கட்டாக அனுப்ப உத்தேசம்."

அண்ணன் சத்தம்போட்டு வாசித்தவன் அந்த வரியில் நின்றான். திரும்ப வாசித்தான். நான் மிஷினை நிறுத்தினேன்.

எங்கள் பக்கத்தில் தைப்பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த மகளுக்குப் பொங்கல்படி அனுப்புவது கட்டாயம். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, பனங்கிழங்கு. ஊரிலிருந்து பம்பாய்க்கு வருகிற யார் தலையிலாவது சாக்கை ஏற்றிவிடுவார் அப்பா. மகளுக்குத்தான் படி என்றாலும் அதை மாப்பிள்ளை கையில்தான் கொடுக்க வேண்டும். அது மரியாதை. போன தையில் படி வரவில்லை. மழை பொய்த்த வருஷம், அப்பாவிடம் ஒன்றுமில்லை போல என்று நினைத்துக்கொண்டு நானும் கேட்கவில்லை. இப்போதல்லவா தெரிகிறது, விஷயம் தெரியாத ஊர்க்காரர் யாரோ சாக்கைத் தொழிற்சாலை வாசலுக்கே கொண்டுபோய் மாப்பிள்ளை கையில் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை வாங்கிக்கொண்டிருக்கிறார். ஐப்பசியில் துரும்பு கொடுத்தவர், கார்த்திகையில் வேறொருத்திக்குத் தாலி கட்டியவர், தையில் என் வீட்டுப் பனங்கிழங்கை அவித்துத் தின்றிருக்கிறார்! கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

"எழுதியிருந்தாராமே. கார்டு அங்கன இருக்குமாண்ணே?" என்றேன்.

அப்பா ஒரு கடிதத்தையும் தூக்கிப் போட மாட்டார், கம்பியில் குத்தி வைப்பார். மாப்பிள்ளை கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, அனுப்பி வையுங்கள் என்று அண்ணன் எழுதினான். அதைவிடப் பெரிய பொய்யை அவன் வாழ்நாளில் எழுதியதில்லை. பத்து நாளில் கார்டு வந்தது. நடுவில் கம்பி குத்திய ஓட்டை. பம்பாய்த் தபால் முத்திரை தெளிவாக இருந்தது. "மாமா அவர்களுக்கு மருமகன் வணக்கம். தாங்கள் அன்புடன் அனுப்பிய பொங்கல்படி கிடைத்தது. தங்கள் மகளும் நானும் இங்கு சுகம். பனங்கிழங்கு மிகவும் ருசி. நண்பர்களுக்குக் கொடுத்ததில் பற்றவில்லை. அடுத்த வருஷம் கொஞ்சம் கூடுதலாக அனுப்பவும்."

நுணலும் தன் வாயால் கெடும். வக்கீலம்மா அந்தக் கார்டை இரண்டு முறை வாசித்தார். எழுந்து உள்ளே போய் எனக்குக் காபி கலந்து வந்தார். அதுவரை எனக்குக் காபி கொடுத்ததில்லை.

மார்கழித் தாரீக். மாஜிஸ்திரேட் வயதான மராத்திக்காரர். எங்கள் பேச்சை அவருக்குச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். முதலில் என் புருஷன் கூண்டில் ஏறினார். வக்கீலம்மா கார்டைக் காட்டாமலே ஆரம்பித்தார்.

"ஐப்பசிக்கு அப்புறம் அந்தக் குடும்பத்தோட உங்களுக்கு ஏதாவது உறவு உண்டா?"

"ஒண்ணும் கெடையாது. அந்த வீட்டுத் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன்."

"நிச்சயமா?"

"சத்தியமா."

அப்புறம் வக்கீலம்மா கார்டை நீட்டினார். புருஷன் முகத்தை நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா அவர்களுக்கு என்ற இடத்திலேயே வேர்த்துவிட்டது. எழுத்து தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

மாஜிஸ்திரேட்டுக்குப் பனங்கிழங்கு புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஏதோ கிழங்கு என்றார். எப்படிப்பட்ட கிழங்கு? நான் நின்ற இடத்திலிருந்தே ஒரு முழம் நீளத்துக்குக் கையைக் காட்டினேன். அண்ணன் பின்னாலிருந்து மேல்தோலை உரித்துக் காட்டினான், கையில் கிழங்கே இல்லாமல். என் புருஷனும் கூண்டில் நின்றபடியே, மறந்துபோய், நடுவில் ஒடித்து நரம்பை உருவுவது எப்படி என்று காட்டினார். கோர்ட்டே சிரித்தது.

"கெழங்கு மட்டுந்தான் எடுத்தேன், சாமி. அரிசிய நான் தொடல" என்றார் அவர்.

அடுத்து அண்ணாச்சி ஏறினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அந்தப் பெண் துரும்பைக் கையில் வாங்கினாளா என்று அவர்கள் வக்கீல் கேட்டார்.

"வாங்குனா. என் கண்ணால பாத்தேன்."

எனக்குத் தையல் மிஷின் ரயிலில் ஏறுவது தெரிந்தது. வக்கீலம்மா எழுந்தார். தையில் எழுதிய கார்டு என்று சொல்லிவிட்டு, வரி வரியாக வாசித்தார். பொங்கல்படி என்றதும் அண்ணாச்சி நிமிர்ந்தார். பற்றவில்லை என்ற இடத்தில் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வக்கீலம்மா கேள்வியே கேட்கவில்லை. அதற்குள் அண்ணாச்சி என் புருஷன் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஏல, படி வாங்குனியா? தீத்து விட்டவ வீட்டுப் படிய வாங்கித் தின்னுட்டா சாட்சி சொல்ல என்னயக் கூட்டியாந்த?"

அமைதியாக இருக்கும்படி மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். அண்ணாச்சி அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எசமான், பொண்டாட்டிய வச்சிருக்கவன்தான் படி வாங்குவான். தீத்துட்டு வாங்குனா அவன் மனுசனே இல்ல. அவ பல்லுதான் குத்துனா. தீரல. ஒண்ணும் தீரல."

இதை மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல, மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்த மாதமே உத்தரவு வந்தது. உறவு தீர்ந்ததாக நிரூபணமாகவில்லை, மாதம் எழுபது ரூபாய் கட்ட வேண்டும். வராந்தாவில் மராத்திக்காரி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். இருபத்து நாலு வயதுப் பெண்கள் கோர்ட்டில் குதிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.

இனி மறைக்க முடியாது. அடுத்த படியும் அந்த ஆள் கைக்குப் போய்விடும் என்பதால், அண்ணன் அன்றே உட்கார்ந்து அப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டான். பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். அப்பா ரயிலேறிவிட்டாரோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. அப்பா வந்து வாசலில் நின்று "வாம்மா, போவோம்" என்றால் நான் மறுக்க மாட்டேன். எந்தக் கோர்ட்டிலும் கூண்டேறலாம், அப்பாவிடம் முடியாது. எழுபது ரூபாயும் உத்தரவும் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்காது.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது வாசலில் யாரோ என் பெயரைச் சொல்லி விசாரிக்கும் சத்தம் கேட்டது. அப்பா இல்லை. ஊர்க்காரர் ஒருவர், தோளில் சாக்கு. எப்போதும் சாக்கின்மேல் பெரிய எழுத்தில் மாப்பிள்ளை பெயர் இருக்கும். இந்தத் தடவை அப்பாவின் கோணல் எழுத்தில் என் பெயர் இருந்தது, கீழே என் கோலி நம்பர், தாராவி, பம்பாய். "ஒன் கையிலதான் குடுக்கணும்னு சொல்லிவிட்டாரு" என்று சாக்கை இறக்கி வைத்தார். ஊருக்கு வரச் சொன்னாரா என்று கேட்டேன். அப்படியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லையாம். ஒரு கட்டுக் கிழங்கு வக்கீலம்மாளுக்குக் கொடுக்கச் சொன்னாராம்.

அந்தச் சாக்கைக் கட்டிக்கொண்டு அழுதேன். வழக்கு ஆரம்பித்ததிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதேன். பச்சை மஞ்சள் வாசமும் ஊர்ப் புழுதி வாசமும் சேர்ந்து என் கோலியில் அடித்தது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் ஒரு கார்டு வாங்கினேன்.

"அப்பாவுக்கு மகள் வணக்கம். தாங்கள் அனுப்பிய பொங்கல்படி என் கையில் கிடைத்தது. நான் இங்கு என் வீட்டில் சுகம். அடுத்த வருஷம் கிழங்கு கொஞ்சம் கூடுதலாக அனுப்பவும்."